முகாம் வேலிக்கு வெளியே யார் வந்து நிற்பார்கள்: கொழும்பில் ஆதரவு திரட்டும்போது கற்றவை

கோட்டை ரயில் நிலைய வாசலில் மாலை ஐந்து மணிக்குத் துண்டுப்பிரசுரம் வாங்குகிறவர், நடந்தபடியே முதல் வரியைப் பார்க்க இரண்டு விநாடிதான் எடுப்பார். அந்த வரி ‘இராணுவமயமாக்கலை எதிர்ப்போம்’ என்று இருந்தால் தாள் நாலடி தள்ளித் தரையில் கிடக்கும். ‘உங்கள் வீட்டுக் காணி எத்தனை பேர்ச்?’ என்று இருந்தால் மடித்துச் சட்டைப் பைக்குள் போகும்.

கொழும்பு ஆளுக்கு ஏக்கர் என்ற சொல் காதில் ஏறாது. அது வயலுக்கும் தோட்டத்துக்கும் உரிய அளவு. இங்கே காணி என்றால் பேர்ச். ஒரு ஏக்கர் 160 பேர்ச், யாழ்ப்பாணக் கணக்கில் 16 பரப்பு. முல்லைத்தீவின் கேப்பாப்புலவில் இராணுவம் பிடித்து வைத்திருந்து 2017 டிசம்பரில் விடுவித்த 133 ஏக்கரைப் பேர்ச்சில் சொன்னால் 21,280. பத்துப் பேர்ச் துண்டாகப் பிரித்தால் 2,128 வீட்டுக் காணிகள். பிலியந்தலையிலோ வத்தளையிலோ பத்துப் பேர்ச் வாங்குவதற்காக வங்கிக் கடனும் சீட்டுக் காசும் மனைவியின் நகையும் சேர்த்துப் புரட்டியவர், சிங்களவரோ தமிழரோ முஸ்லிமோ, அந்த எண்ணைக் கண்டதும் நின்றுவிடுவார். அவரிடம் போரைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் பேசவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

படை முகாம்களுக்கு எதிரான போராட்டத்துக்கு ஏன் ஆள் சேரவில்லை என்று கேட்டால், ‘மக்களுக்கு அக்கறை இல்லை’ என்ற பதில்தான் கூட்டங்களில் அடிக்கடி வரும். அந்தப் பதிலில் நமக்கு உடன்பாடில்லை. போர் வேண்டும் என்று நினைப்பவர்கள் எந்த ஊரிலும் மிகச் சிலர். ஆனால் போர் வேண்டாம் என்று நினைப்பதற்கும், ஒரு முகாம் வேலிக்கு வெளியே போய் வெயிலில் குந்துவதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தை மூன்று கேள்விகள் தீர்மானிக்கின்றன. முகாமால் எனக்கு என்ன இழப்பு என்று விரலை நீட்டிக் காட்ட முடியுமா? அங்கே உட்கார்ந்திருப்பவர் என்னைப் போன்றவரா? போனால் பயமில்லாமல் வீடு திரும்பலாமா? இந்த மூன்றுக்கும் ஆம் என்றால் ஊர் வரும். ஒன்றுக்கு இல்லை என்றாலும் ஊர் மனதளவில் மட்டும் நம்மோடு இருக்கும்.

கேப்பாப்புலவுப் பகுதியிலுள்ள பிலவுக்குடியிருப்பை எடுத்துப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று அந்த மக்கள் விமானப்படை முகாம் வாசலில் தெருவோரம் தறப்பாள் கொட்டில் போட்டுக் குந்தினார்கள். மார்ச் 1 அன்று, சரியாக ஒரு மாதத்தில், 40 ஏக்கருக்கு மேல் கையில் கிடைத்தது. அவர்கள் படைக்குறைப்பையோ அரசியல் தீர்வையோ பேசியிருந்தால் அந்த ஒரு மாதத்தில் எதுவும் நகர்ந்திருக்காது. அவர்கள் காட்டியது கண்ணுக்கு நேரே, முட்கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற தங்கள் மரங்களை. யார் வந்து கேட்டாலும், பத்திரிகையாளரோ தெற்கிலிருந்து வந்த சிங்கள இளைஞரோ, கிழவி ஒருத்தி கையை நீட்டி ‘அந்தப் பலாவுக்குப் பக்கத்தில்தான் கிணறு’ என்று சொல்ல முடியும். மொழிபெயர்க்க ஆள் தேவையில்லை. பள்ளிச் சீருடையோடு பிள்ளைகள் அங்கேயே இருந்து பாடம் படித்தார்கள். கேட்கப்பட்ட காரியமோ, அதிகாரம் உள்ள ஒருவர் ஒரு கடிதத்தால் சம்மதிக்கக்கூடிய அளவில் இருந்தது.

கிளிநொச்சி மாவட்டக் கடலில் கடற்படை வசமிருந்த இரணைதீவிலும் இதே இலட்சணம். 1992இல் இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் 2017 மே 1 முதல் கரையிலுள்ள இரணைமாதா நகரில் ஓராண்டுக்குக் கிட்டப் போராடிவிட்டு, 2018 ஏப்ரல் 23 அன்று வெள்ளைக் கொடியைப் படகுகளில் கட்டிக்கொண்டு நேரே தீவுக்குப் போய் இறங்கின. கடற்படை தடுக்கவில்லை. வெள்ளைக் கொடியோடு வரும் படகில் பாட்டிமார் இருந்தால் தடுப்பவருக்குத்தான் சங்கடம் அதிகம். அந்தப் படங்கள் கொழும்பில் பேசப்பட்ட அளவுக்கு, அதற்கு முந்தைய மாதங்களில் விட்ட அறிக்கைகள் எதுவும் பேசப்படவில்லை.

இனிச் சிங்களத்துக்கு வருவோம். கொழும்பில் ஆதரவு வேண்டுமென்றால் சிங்களத்தில் எழுதாமல் முடியாது. ஆனால் தமிழில் எழுதியதை அப்படியே சிங்களத்துக்கு மாற்றுவதுதான் நாம் கண்ட பிழைகளிலேயே அதிக சேதம் செய்த பிழை. ‘இராணுவமே வெளியேறு’ என்ற பதாகையைத் தமிழர் வாசிக்கும்போது, தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் முகாம் நினைவுக்கு வரும். அதையே சிங்களத்தில் வாசிக்கும் தாய்க்கு அநுராதபுரத்திலிருந்தோ மொனராகலையிலிருந்தோ படைக்குப் போன மகன் நினைவுக்கு வருவான். விவசாயம் கைவிட்ட வீடுகளுக்கு அவனுடைய சம்பளம்தான் அரிசி. பதாகை அவனைத் துரத்தச் சொல்கிறது என்று அவள் எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை. அதே கோரிக்கையை ‘அபே இடம் அபிட்ட தென்ன’, அதாவது எங்கள் காணியை எங்களுக்குத் தாருங்கள் என்று எழுதினால், அவள் அதைக் கேட்கத் தயாராக இருப்பாள். ‘தாயகம்’ என்ற சொல் தமிழில் ஊரையும் குறிக்கும். சிங்களத்துக்குப் போனால் அது தனிநாடாக மட்டுமே கேட்கும். அப்பன் பாட்டன் வழிவந்த காணி என்பதற்கு அவர்களிடமே ‘பரவேணி இடம்’ என்ற சொல் இருக்கிறது. அதைப் போட்டால் எந்தக் கிராமத்துச் சிங்களவருக்கும் விளங்கும்.

மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. சிங்கள வாசகத்தை, இந்த விவகாரத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு சிங்களவரிடம், கடைக்காரரோ முச்சக்கரவண்டி ஓட்டுநரோ, வாசிக்கக் கொடுத்து ‘இவர்கள் என்ன கேட்கிறார்கள்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும் பதில்தான் நீங்கள் அச்சடித்த பொருள். நீங்கள் எழுத நினைத்தது வேறாக இருந்தால் அச்சகத்துக்குப் போக வேண்டாம்.

கொழும்பில் இன்னொன்றையும் பார்க்கலாம். அந்நியப் படைத்தளம் என்றால் இந்த நகரம் உடனே எழும். 1947 பாதுகாப்பு ஒப்பந்தத்தின்படி திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த பிரித்தானியத் தளங்கள் 1957இல் திருப்பிப் பெறப்பட்டதை இடதுசாரிகள் மட்டுமல்ல, தேசியவாதிகளும் தங்கள் வெற்றியாகவே கொண்டாடினார்கள். 2019இல் அமெரிக்கப் படையினர் இங்கே வந்து இயங்குவதற்கான ‘சோஃபா’ உடன்படிக்கைக்கும் 48 கோடி டொலர் ‘எம்.சி.சி.’ அமெரிக்க அபிவிருத்தி நன்கொடைக்கும் எதிராக வீதிக்கு இறங்கியவர்களில் பலர், முல்லைத்தீவில் தங்கள் சொந்த நாட்டுப் படை பிடித்து வைத்திருக்கும் காணி பற்றி வாய் திறந்ததில்லை. இதைக் கண்டு கோபப்படுவது நியாயம்தான். ஆனால் ஆள் திரட்டுபவருக்கு அதற்குள் ஒரு செய்தி இருக்கிறது: அந்நியத் தளம் என்றால் இழப்பு ‘நம்முடையது’ ஆகிவிடுகிறது, யாரும் யாரையும் துரோகி என்று சொல்ல மாட்டார்கள். நம் படையின் முகாம் என்றால் இழப்பு ‘அவர்களுடையது’ ஆகிவிடுகிறது. அந்த ‘அவர்களை’ உடைக்காமல் தெற்கில் ஓரடியும் நகர முடியாது.

அதை உடைக்கப் பாணமை என்ற ஊர் உதவும். அம்பாறையின் பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல போன்ற இடங்களிலிருந்து 2010இல் சிங்களக் கிராமத்தவர் விரட்டப்பட்டு, கடற்கரைக் காணியில் படை முகாமும் விடுதியும் எழுந்தன. 2015 பெப்ரவரியில் அமைச்சரவை 340 ஏக்கரைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. அடுத்த ஆண்டு கிராமத்தவர் தாங்களாகவே உள்ளே போய்க் குடிசை போட்டார்கள். கேப்பாப்புலவையும் பாணமையையும் ஒரே தாளில், இடது பக்கம் ஒன்று வலது பக்கம் ஒன்று, ஒரே அளவுப் படத்தோடு போட்ட துண்டுப்பிரசுரத்துக்கு நிகராகக் கொழும்பில் வேறெதுவும் வேலை செய்ததில்லை என்றே சொல்வோம். முஸ்லிம்கள் வாழும் பகுதியில் கொடுப்பதானால் மன்னார் சிலாவத்துறையைச் சேருங்கள். அங்கே கடற்படை முகாம் நிற்பது முஸ்லிம் மக்களின் காணியில். கொம்பனித்தெருவில் அதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்ட 2010இல், மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டதைப் பார்த்தவர்கள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

ஆதரவு வராத ஊர்களைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். முகாம் இழப்பை மட்டும் தருவதில்லை. பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் பண்ணைகளில் வன்னிப் பெண்கள் பலர் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். முன்னாள் போராளிகளுக்கு வேறு யாரும் வேலை கொடுக்கத் துணியாத காலத்தில் கிடைத்த வேலை அது. 2018இல் விசுவமடுவில் படை அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போனபோது ஊர் மக்கள் அழுது, தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பிய படங்கள் நாடெங்கும் ஓடின. தமிழர் பலருக்கு அது அவமானமாகப் பட்டது. அந்தப் பெண்களைத் திட்டியவர்களும் உண்டு. திட்டியதால் ஒருவரும் போராட்டத்துக்கு வரவில்லை. வீட்டுக்கு ஒரே வருமானம் முகாமிலிருந்து வரும்போது, அந்த வீட்டிலிருந்து ஆள் வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது பட்டினியை எதிர்பார்ப்பதற்குச் சமம்.

ஜப்பானின் ஒகினாவாவிலும் இதுவே. ஜப்பானின் நிலப்பரப்பில் 0.6 வீதமே உள்ள அந்தத் தீவில், அமெரிக்கப் படை தனியாகப் பயன்படுத்தும் இடங்களில் ஏறத்தாழ 70 வீதம் இருக்கிறது. 2019 பெப்ரவரி 24 வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 72 வீதம் பேர் ஹெனோகோ கடலை நிரப்பித் தளம் அமைப்பதை எதிர்த்தார்கள். ஆனாலும் தளத்துக்கு நிலம் கொடுத்து ஆண்டுதோறும் வாடகை வாங்கும் குடும்பங்கள், தளத்தில் வேலை செய்பவர்கள் என்று ஒரு கூட்டம் எப்போதும் ஒதுங்கியே நிற்கும். அவர்களை எதிரி என்று வைத்துக்கொள்ளாததால்தான் அங்கே போராட்டம் இத்தனை பத்தாண்டு நீடிக்கிறது. வன்னியில் செய்யக்கூடியது, பண்ணையில் வேலை செய்பவரிடம் ‘வேலையை விடு’ என்று கேட்காமல், ‘பண்ணை யாருடைய காணியில் இருக்கிறது என்று மட்டும் எழுதித் தா’ என்று கேட்பது. பலர் தருவார்கள். பெயர் போடாமல் தருவார்கள், அதுவே போதும்.

வருமானத்தில் வேறொரு பக்கமும் இருக்கிறது. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி போன்றவை, வாடகையும் வட்டியும் கட்டித் தொழில் செய்யும் சிறு விடுதிக்காரரோடு போட்டியிடுகின்றன. புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் வியாபாரிகளிடம் பேசும்போது, மனித உரிமையைவிட இந்த வழக்கு வேகமாகப் புரிகிறது. 2022 நெருக்கடிக்குப் பிறகு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. 200,783 ஆக இருந்த இராணுவத்தின் ஆளணியை 135,000 ஆகவும் 2030க்குள் 100,000 ஆகவும் குறைப்பதாக 2023 ஜனவரியில் அரசே அறிவித்தது. படைச் செலவைப் பற்றிக் கேட்பது துரோகம் என்ற காலம் அந்த அறிவிப்போடு போய்விட்டது. அந்த எண்களைத் துண்டுப்பிரசுரத்தில் போடலாம்; அவை அரசின் எண்கள்.

பயத்தைப் பற்றி. கொழும்புத் தமிழரிடம் ‘ஏன் வருவதில்லை’ என்று கேட்பதற்கு முன்னால் 2007 ஜூன் 7ஐ நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்று அதிகாலை கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்குக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவால் அதை நிறுத்தியது. நீதிமன்றம் நிறுத்தியது என்பதைவிட, பஸ் வந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பிய தலைமுறை இது. கூட்டத்தில் யாரோ ஒருவர் எல்லோருடைய முகத்தையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டு போவதைக் கண்டால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

ஆகவே ஆதரவுக்குப் பல படி வைக்க வேண்டும். வீதியில் நிற்பது ஒரு படி மட்டுமே, அதுவும் கடைசிப் படி. கையெழுத்து வைப்பது, துண்டுப்பிரசுரத்தைக் கடைக் கல்லாப்பெட்டிக்கு அருகே வைக்க விடுவது, வடக்கிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது, ஒரு பாட்டியை ஒரு இரவு தங்க வைப்பது, உறுதிப் பத்திரத்தைச் சிங்களத்தில் வாசித்துச் சொல்லித் தருவது, இவை எல்லாமே ஆதரவு. கையெழுத்துத் தாளில் பெயரும் ஊரும் மட்டும் கேளுங்கள். அடையாள அட்டை எண்ணுக்கு ஒரு நிரல் போட்டால் பாதிப்பேர் பேனாவைத் திருப்பித் தந்துவிடுவார்கள். மூலத் தாள்களை இரண்டு இடத்தில் வையுங்கள், ஒரு வீட்டில் மட்டும் வைக்காதீர்கள்.

இனி, ஊரில் போராட்டம் தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை. கொழும்பில் கேட்கப்படும் முதல் கேள்வி ‘உங்கள் காணிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி?’ என்பதே. அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் இல்லையென்றால் கூட்டம் அன்றோடு முடிந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு. காணி உறுதி இருந்தால் உறுதி. இல்லையென்றால் அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அதுவும் போரில் தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி, பழைய வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ள பக்கம், பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ள முகவரி, கோயில் அல்லது தேவாலயப் பதிவேட்டின் பக்கம். பக்கத்துக் காணிக்காரர்கள் இருவரின் கையெழுத்தோடு எல்லை சொல்லும் ஒரு கடிதமும் வேண்டும்: கிழக்கே யார், மேற்கே என்ன, எந்த மரம், எந்த ஒழுங்கை. எல்லாவற்றிலும் ஏக்கரை ஒரே மாதிரி எழுதுங்கள். ஒரு தாளில் இரண்டு ஏக்கர், இன்னொன்றில் இரண்டரை என்று இருந்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

எண்களைப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதினால் தேசியப் பாதுகாப்பு விதிவிலக்கைக் காட்டி மறுக்க இடமுண்டு. பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள். ‘முகாம்கள் எங்கே’ என்று கேட்காதீர்கள். ‘இந்தக் கிராம சேவகர் பிரிவில் முப்படையினர் வசமுள்ள தனியார் காணியின் மொத்தப் பரப்பளவு எவ்வளவு, 2009 முதல் ஆண்டுவாரியாக விடுவிக்கப்பட்டது எவ்வளவு, காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவு அறிவித்தல் எந்தெந்தக் காணிக்கு எந்தத் திகதியில் ஒட்டப்பட்டது’ என்று கேளுங்கள். 14 வேலைநாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்குப் பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. கடிதம் கொடுக்கும்போது பிரதியில் முத்திரை வாங்கத் தவறாதீர்கள். முத்திரை இல்லாத நாள் கணக்கில் சேராது.

காணி எடுத்தற் சட்டத்தின் படிகளை ஊர்ப் பெண்கள் சங்கம் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. 2ஆம் பிரிவு, ஆய்வு செய்யப் போகிறோம் என்ற அறிவித்தல். 4ஆம் பிரிவு, எடுக்க எண்ணியுள்ளோம், ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள் என்பது. ஆட்சேபத்துக்குக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். 5ஆம் பிரிவு, பொதுத் தேவைக்கு வேண்டும் என்ற பிரகடனம். 7ஆம் பிரிவு, நட்டஈட்டுக்கு வாருங்கள் என்பது. 38ஆம் பிரிவின் (அ) காப்பு வாசகம், அவசரம் என்று சொல்லி உடனே கைப்பற்றுவது. அதைக் கண்டால் அன்றே சட்டத்தரணியிடம் போக வேண்டும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு மேல் எடுக்க அறிவித்தல் மரங்களில் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணி உரிமையாளர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனார்கள். வழக்கு வேகமாக முடியவில்லை. ஆனால் எல்லோரும் பேர் கொடுத்துவிட்டார்கள் என்பதே பெரிய பலம். பேர் கொடுத்தவர் அதற்குப் பிறகு ‘எனக்கு ஏன் வம்பு’ என்று சொல்வது அரிது. மண்டைதீவிலும் மாதகலிலும் நில அளவையாளர் வந்தபோதெல்லாம் உரிமையாளர்களே முன்னால் நின்று மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். அங்கேயும் வெளியாரைவிட உறுதிக்காரர் முன்வரிசையில் நின்றதுதான் காரியத்தை நடத்தியது.

கொழும்பில் நடத்தும் நாளைப் பற்றிச் சில சிறு காரியங்கள், பெரும்பாலும் இவற்றில்தான் காரியம் பிழையாகிறது. ஊர்வலம் என்றால் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி தொடங்குவதற்கு ஆறு மணித்தியாலத்துக்கு முன்னால், தொடங்கும் இடத்துக்குரிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். இது அறிவித்தல், அனுமதி கேட்கும் விண்ணப்பம் ஆகாது. கடிதத்தில் ‘அனுமதி தருமாறு வேண்டுகிறோம்’ என்று நீங்களே எழுதினால், மறுக்கும் உரிமையை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள். ஓரிடத்தில் நிற்கும் கவனயீர்ப்பு என்றாலும் ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். நீதவான் தடையுத்தரவோடு பொலிஸார் வந்தால் வாங்கி, சத்தமாக வாசியுங்கள்: எந்த வீதி, யாருடைய பெயர், எத்தனை மணி வரை. உத்தரவு சொல்வதும் கையில் வைத்திருப்பவர் சொல்வதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுப்போட ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது.

சுலோக அட்டையை வாசிக்க வேண்டியவர் பஸ்ஸுக்குள் இருக்கிறார், முப்பது அடி தள்ளி. பத்தடிக்கு ஒரு அங்குலம் என்று எழுத்தின் உயரத்தைக் கணக்குப் பார்த்தால் மூன்று அங்குல எழுத்து வேண்டும். அந்த அளவில் ஒரு பிரிஸ்டல் அட்டையில் ஐந்தாறு சொல்லுக்கு மேல் அடங்காது. அடங்காததை எழுத வேண்டாம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மதியத்துக்குப் பிறகு இடியோடு மழை வரும், நீர்ச் சாயத்தில் எழுதிய அட்டை பத்து நிமிடத்தில் கரைந்துவிடும். அழியாத மார்க்கரில் எழுதிப் பொலித்தீன் உறை போடுங்கள். கட்சிக் கொடி ஒன்றுகூட வேண்டாம். ஒரு கொடி வந்தால் அடுத்த கட்சியின் ஆதரவாளர் வீதியைக் கடந்து போய்விடுவார், அவரைத் திரும்பக் கொண்டுவர ஆண்டுக் கணக்காகும்.

முல்லைத்தீவிலிருந்து வரும் அம்மாக்கள் இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து விடிகாலையில் இறங்குவார்கள். அவர்களுக்கு முகம் கழுவ, தேநீர் குடிக்க, இரண்டு மணித்தியாலம் சாய ஓரிடம் ஏற்கெனவே பேசி வைத்திருக்க வேண்டும். தேவாலய மண்டபமோ தொழிற்சங்க மண்டபமோ கிடைக்கும். இதைச் செய்யாமல் நேரே வெயிலில் கொண்டுபோய் நிறுத்தியவர்கள், பகல் பதினொரு மணிக்கு மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கண்டிருக்கிறோம். ஊடகச் சந்திப்பை முற்பகல் பத்து மணிக்கு வையுங்கள், மாலைச் செய்திக்கு வெட்டி ஒட்ட அவர்களுக்கு நேரம் வேண்டும். முதலில் பேச வேண்டியவர் காணியை இழந்த பெண். மூன்று நிமிடம், ஒவ்வொரு இரண்டு வசனத்துக்கும் சிங்களத்தில் மொழிபெயர்ப்பு. கொழும்புப் பிரமுகர்கள் முதலில் நாற்பது நிமிடம் பேசி, அவர் வாய் திறக்கும்போது கமராக்கள் மடிக்கப்பட்டிருக்கும் காட்சி மறுபடியும் மறுபடியும் நடக்கிறது. இதை அன்பாகச் சொல்லிப் பயனில்லை, ஒலிவாங்கியை யார் கையில் கொடுப்பது என்பதை முன்னிரவே எழுதி ஒட்ட வேண்டும்.

ஆதரவு வந்த போராட்டம் கரைவது பெரும்பாலும் அடியாலோ தடையாலோ இல்லை. பாதி கொடுப்பதால்தான். இத்தாலியின் விசென்சா நகரில் டல் மோலின் அமெரிக்கத் தளத்துக்கு எதிராக 2007 பெப்ரவரி 17 அன்று மாபெரும் ஊர்வலம் போனது. நிலத்தடி நீர், வாகன நெரிசல், உலக மரபுச் சொத்தான பழைய நகரம் என்று எல்லாமே ஊராரின் அன்றாடக் கவலை, ஆகவே இடதும் வலதும் சேர்ந்தே வந்தார்கள். 2008 ஒக்டோபரில் அதிகாரபூர்வ வாக்கெடுப்பை நீதிமன்றம் தடுத்தபோது மக்களே வாக்குப் பெட்டி வைத்தார்கள், வாக்களித்தவர்களில் 95 வீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தளம் 2013இல் திறந்தது. மீந்த நிலம் நகருக்குப் பூங்காவாகத் தரப்பட்டது. தென்கொரியாவின் ஜெஜு தீவில் கங்ஜோங் கிராமத்தில் இன்னும் கொடுமை. 2007இல் 87 பேர் மட்டும் கூடிய ஒரு கூட்டத்தில் கடற்படைத் தளத்துக்குச் சம்மதம் வாங்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் 725 பேர் வாக்களித்து 680 பேர் எதிர்த்தார்கள். முதல் கூட்டத்தின் முடிவே நின்றது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி திதிக்குக்கூடச் சேர்ந்து போகாத நிலை வந்தது. 2016இல் தளம் திறந்தது.

கேப்பாப்புலவிலும் சிறுகச் சிறுகத்தான் விடுவிப்பு நடந்தது. விடுபட்ட காணிக்குள் போனவர்களுக்கு உடைந்த வீடும் தூர்ந்த கிணறும் காத்திருந்தன, அவற்றைக் கட்ட அவர்கள் போனது இயல்பு. கொட்டிலில் மிஞ்சியவர்கள் குறைந்தார்கள், வெளியிலிருந்து வந்தவர்கள் ‘அதுதான் கொடுத்துவிட்டார்களே’ என்று நிறுத்திக்கொண்டார்கள். இதை ஆரம்பத்திலேயே எதிர்பார்த்து ஏற்பாடு செய்ய முடியும். முதல் நாளே, ஒருவருக்கும் ஒரு பேர்ச்சும் கிடைக்காதபோதே, எல்லாக் குடும்பமும் கையெழுத்திட்டு ஒரு பக்க உடன்பாடு எழுதிவிடுங்கள். காணி கிடைத்த குடும்பம் மாதத்தில் ஒரு முழு நாள் கொட்டிலுக்கு வரும். வர முடியாவிட்டால் அன்றைய சாப்பாடு அந்த வீட்டிலிருந்து வரும். பேச்சுவார்த்தைக்குப் போகும் குழுவில் பாதிப்பேர் இன்னும் காணி கிடைக்காதவர்களாக இருப்பார்கள், எல்லைக் கல் நடும் நாளில் கிடைக்காதவரும் கூடவே நிற்பார்.

கொட்டிலில் ஒரு கொப்பி வைத்திருங்கள், இடது பக்கத்தில் கிடைத்த காணி, வலது பக்கத்தில் கிடைக்காதது, பேர்ச் கணக்கில், குடும்பத் தலைவியின் பெயரோடு. கொழும்பிலிருந்து யார் வந்தாலும் முதலில் வலது பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.